யார் தோலில் மறைகிறது இந்த நெட்?

இரண்டு கண்ணாடி

தன் முதுகைத் தானே நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. பிறந்த நாளிலிருந்து கூடவே வருகிறது. ஆனாலும் அது எப்படி இருக்கிறது என்பதை யாரோ சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம். அதற்காகவே என் கடையில் ஆள் உயரக் கண்ணாடிகள் இரண்டை எதிரெதிரே மாட்டியிருக்கிறேன். நடுவில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு நீண்ட தெரு திறக்கும். முதுகுக்குப் பின்னால் இன்னொரு முதுகு, அதற்கும் பின்னால் இன்னொன்று. தெருக்கோடியில் நிற்பவள் மிகச் சிறியவளாக, லேசான பச்சையில், தண்ணீருக்கடியிலிருந்து பார்ப்பவள் போல இருப்பாள்.

ப்ளவுஸ் தைக்கப் புதிதாக வரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: முன்பக்கத்தைப் புடவை மூடிக்கொள்ளும், நீ தைப்பது முதுகை.

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகளின் வரிசை முடிந்து வீடுகள் தொடங்குகிற இடத்தில், ஒரு மாடியில் இருக்கிறது என் கடை. நான் நெசவுக் குடும்பத்துப் பெண். தறிக்குழியில் கால் தொங்கப்போட்டு நாளெல்லாம் ஒரே இடத்தில் உட்கார என்னால் முடியவில்லை. ஏதோ ஒன்று எழுப்பிவிட்டுக்கொண்டே இருந்தது. அதனால் கத்தரிக்கோலுக்கு வந்துவிட்டேன். என்னோடு வேலை செய்கிறவள் பரிமளா. ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள். கொக்கி ஊசியால் செய்யும் ஆரி வேலையில் அவள் கைக்கு இந்த வட்டாரத்தில் இணை கிடையாது. வாய்க்கும் கிடையாது.

எஸ்தர் அந்த இரண்டு கண்ணாடிக்கு நடுவில் நின்ற காலையிலிருந்து தொடங்குகிறேன். பக்கத்தில் இருக்கும் கூரம் கிராமத்துப் பெண். தாத்தா தலைமுறை வரைக்கும் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அப்பா லாரி ஓட்டினார். இவள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். சர்ச்சில் கல்யாணம். புடவை வெள்ளைப் பட்டு, வெள்ளி ஜரிகை. போனில் ஒரு படம் கொண்டுவந்திருந்தாள். யாரோ ஒரு மாடலின் முதுகு. துணியே இல்லாதது போல, ஒரு பூங்கொடி மட்டும் காற்றில் மிதந்துகொண்டிருந்தது.

அதில் மாயம் ஒன்றும் இல்லை. கழுத்திலிருந்து நடுமுதுகு வரைக்கும் பட்டுக்குப் பதிலாக மெல்லிய நெட் வைப்போம். அதன்மேல் ஆரி ஊசியால் மணியும் ஜரிகையும் கோர்ப்போம். நெட் தோலோடு கலந்து மறைந்துவிடும். கொடி மட்டும் நிற்கும். இந்த நெட்டுக்குக் கடைகளில் பெயர் ஸ்கின் கலர் நெட். எந்தக் கடையில் கேட்டாலும் ஒரே நிறத்தைத்தான் எடுத்துப் போடுவார்கள். ரோஜாவும் சந்தனமும் கலந்து வெளிறிய ஒரு நிறம்.

மணி கோர்ப்பதற்கு முன்னால் வெறும் நெட்டை வைத்து, பிரித்துவிடக்கூடிய ஓட்டுத் தையல் போட்டு, ட்ரையலுக்கு எஸ்தரை வரச் சொன்னேன். போட்டுக்கொண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் நின்றாள். அவள் நல்ல கறுப்பு. அந்த நீண்ட தெருவில் நின்ற அத்தனை எஸ்தர்களின் முதுகிலும் ஒரு வெளிறிய பட்டை ஒட்டியிருந்தது.

கீழே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று.

பரிமளாதான் வாயைத் திறந்தாள். "ஆப்ரேஷன் பண்ணி பிளாஸ்திரி ஒட்டிக்கினு வந்த மாதிரி இருக்குதுக்கா."

என் முன்கை

வாடிக்கையாளருக்கு நெட் காட்டும்போது எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு துண்டை எடுத்து என் முன்கையில் விரித்துக் காட்டுவேன். "பாருங்க, எங்க இருக்குதுன்னே தெரியல பாருங்க" என்பேன். உண்மையிலேயே தெரியாது. அப்படியே கரைந்துவிடும். பார்க்கிறவர்கள் கண் விரிந்து, சரிக்கா, இதையே வையுங்க என்பார்கள். இந்தத் தொழிலில் துணியைத் தன் மேல் போட்டுக் காட்டுவது எல்லாரும் செய்வதுதான். பட்டுக்கடைச் சேல்ஸ்மேன்கூட முந்தானையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு மணப்பெண் மாதிரி திரும்பி நிற்பார்.

எஸ்தர் உள்ளே போய் ப்ளவுஸை மாற்றிக்கொண்டிருந்தபோது, இத்தனை நாள் இப்படி ஆனதில்லையே என்று என் கையில் மறுபடியும் நெட்டை விரித்துப் பார்த்தேன். மறைந்தது.

"அக்கா, அது உன் கை" என்றாள் பரிமளா.

"ஆமா. அதுக்கென்ன?"

"உன் கையில காணாம போவுது. அவங்க முதுகுல போவுமா?"

எங்கள் வீட்டில் என்னைக் கலரான பொண்ணு என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்லிச் சொல்லி வளர்ந்ததால் அது எனக்கு ஒரு நிறமாகவே தோன்றியதில்லை. வெறும் கையாகத்தான் தெரிந்தது.

"இத ஏன் நீ முன்னாடியே சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ கேட்டியா?" என்றாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

ஆரி ஃப்ரேமில் நெட்டை இழுத்துக் கட்டி வேலை செய்யும்போது வலது கை மேலே ஊசி பிடிக்கும். இடது கை அடியிலிருந்து நூல் கொடுக்கும். பரிமளாவின் நிறமும் எஸ்தர் நிறம்தான். இத்தனை காலம் அந்த வெளிறிய நெட்டுக்கு அடியில் அவள் கை, ஆழமில்லாத குளத்தில் மீன் போல இங்கும் அங்கும் போய்வருவதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். அழகாக இருக்கிறது என்று நினைத்திருக்கிறேன். அந்தக் கை ஏன் அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று யோசித்ததில்லை.

ஒரே ஒரு நாள்

எஸ்தர் வெளியே வந்தபோது முகத்தைத் துடைத்துவிட்டிருந்தாள். "பரவால்லக்கா. மேக்கப்ல சரி பண்ணிடலாம்" என்று பியூட்டிஷியன் ரம்யாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். ரம்யாவின் குரலில் உற்சாகம் வழிந்தது.

"நெட் ஸ்கின் கலர்தானே மேம்? டென்ஷனே வேணாம். முகம், கழுத்து, முதுகு, கை எல்லாத்தையும் அந்த ஷேடுக்கே கொண்டாந்துடறேன். நெட் எங்க இருக்குது, நீங்க எங்க இருக்கீங்கன்னே தெரியாது."

போன் வைத்த பிறகும் அந்தக் கடைசி வாக்கியம் அறையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"வெள்ளப் பட்டும்மா அது" என்றேன். "முதுகு பூரா பூசுனா வேர்வையில எறங்கி துணியில ஒட்டிக்கும்." எனக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான்.

முதல் முறை அளவெடுக்க வந்தபோது எஸ்தர் நிறையப் பேசியிருந்தாள். அளவெடுக்கும்போது பெண்கள் பேசுவார்கள். ஒருவர் கை தன் உடம்பைச் சுற்றிவரும்போது வாய் சும்மா இருக்காது. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு தையற்காரர் இருந்தார். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அவர் மனைவி வந்து டேப் பிடிப்பார். சில தெருக்களிலிருந்து வருகிற பெண்களிடம் மட்டும் அளவு ப்ளவுஸ் கொண்டுவரச் சொல்லி, வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். அந்த வீட்டுக் கை அந்த முதுகுகளைத் தொட்டதே இல்லை. என் கடையில் அளவு ப்ளவுஸ் வாங்குவதில்லை. டேப்தான்.

அன்றைக்கு டேப்புக்கு நடுவில் எஸ்தர் தன் வகுப்பைப் பற்றிச் சொன்னாள். பெண் என்றதும் மனதில் வருகிற முகத்தை எழுதுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னாளாம். கண், கூந்தல், சிரிப்பு, நடை எல்லாம் எழுதியிருந்தார்கள். நிறத்தை எழுதியவர்கள் மிகக் குறைவு. எழுதியவர்கள் எல்லாருமே கறுப்பான பெண்ணை எழுதியவர்கள்.

"மத்தவங்கள ஒவ்வொருத்தரா கேட்டேன்க்கா. உன் மனசுல வந்த பொண்ணு என்ன கலருன்னு. அப்பதான் யோசிக்கிறாங்க. கலரான பொண்ணுதான் மிஸ்ங்கறாங்க. ஆனா அத எழுதணும்னே தோணல பாருங்க. வெள்ளை இருக்குதே, அது தன்ன ஒரு நெறம்னு சொல்லிக்காது. மத்தவங்களுக்குத்தான் நெறம் இருக்கற மாதிரி பாத்துக்கும்."

வெளிநாட்டில் வெள்ளைக்காரப் பெண்கள், நாம் எல்லாரும் பெண்கள் என்று பேச ஆரம்பித்தபோது, கறுப்பினப் பெண்கள் எழுந்து அந்த 'நாம்' யார் என்று கேட்டார்களாம். அதைத்தான் பாடமாக எடுக்கிறாள். இங்கே வெள்ளைக்காரர்கள் இல்லை, கோயில் பார்க்க வருகிறவர்களைத் தவிர. ஆனால் அந்த வெள்ளை இங்கேயும் இருக்கிறது, ஜாதியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது என்றாள். பரிமளா அப்போது மணி கோர்த்துக்கொண்டே, "எங்க தெருவுலயும் அதே கததான் டீச்சர். கலரா இருக்கறவளுக்குத்தான் மொத மாப்ள" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எதற்கு என்று முழுதாகத் தெரியாமல்.

இப்போது ரம்யாவின் போனுக்குப் பிறகு பரிமளாவுக்கு அது ஞாபகம் வந்துவிட்டது.

"இன்னா டீச்சர், பாடம் எடுக்கறப்ப ஒரு கலரு, பந்தல்ல ஒரு கலரா?"

எஸ்தர் முக்காலியில் உட்கார்ந்தாள். ட்ரையல் ப்ளவுஸ் அவள் மடியில் கிடந்தது.

"நான் வெள்ளையா ஆவணும்னு கேக்கல பரிமளா. பொண்ணு பாக்க வந்தப்ப என் கலரப் பேசுனாங்க. நிச்சயத்துல பேசுனாங்க. அவரோட அத்த இருக்காங்க, நல்லவங்கதான். 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா'ன்னு வர்றவங்க போறவங்க கிட்டயெல்லாம் பெருமையா சொல்லிக்கினு இருக்காங்க. ஒவ்வொரு தடவையும் நான் சிரிக்கணும். கல்யாணத்தன்னைக்கு மட்டும் யாரும் என் கலரப் பத்தி ஒரு வார்த்த பேசக்கூடாது. பாராட்டக்கூட வேணாம். கலரா பொறந்தவங்களுக்கு தெனமும் சும்மாவே கெடைக்குதே அது, எனக்கு ஒரே ஒரு நாள் வேணும்."

பரிமளா கையிலிருந்த மணிக்கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அதில் மணிகள் புரண்டு அடங்கும் சத்தம் கேட்டது.

நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். எனக்கு உட்கார்ந்து யோசிக்க வராது. எதிர்வீட்டு மாடியில் சாயம் போட்ட பட்டு நூல் காய்ந்துகொண்டிருந்தது. இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு நிறம் காய்ந்துகொண்டிருக்கும்.

"நெட்டுக்கு உடம்ப மாத்தறதுக்கு பதிலா, உடம்புக்கு நெட்ட மாத்திப் பாக்கலாமா?" என்றேன். "மணி கோத்தப்பறம் சாயத்துல முக்க முடியாது. அதுக்கு முன்னாடியே பண்ணணும்."

"மறைஞ்சிடுமாக்கா?"

"தெரியாதும்மா."

"மறையலன்னா?"

"ரம்யா இருக்கா" என்றாள் பரிமளா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

வெள்ளைக்கு ரெண்டு வேலை

சாயப்பட்டறைக்குள் நுழைந்தால் வெளிச்சமே நிறம் மாறிவிடும். கொதிக்கிற அண்டாவின் ஆவியில் சூரியன் ஒரு நாள் அரக்காக இறங்கும், ஒரு நாள் மயில்கழுத்தாக. சாயம் போடும் முனுசாமி அண்ணனின் விரல்நகங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிறம்.

"தோல் கலர் வேணும்ணே, இந்த நெட்டுல" என்றேன்.

"யாரு தோலு?" என்றார். "சாம்பிள் குடு. சாம்பிள் இல்லாம நான் எதையும் அண்டாவுல எறக்க மாட்டேன்."

அவர் தொழிலின் வழக்கம் அது. எந்த நிறம் கேட்டாலும் ஒரு நூல் துண்டாவது கொண்டுபோக வேண்டும். ஆனால் அந்தச் சாதாரணக் கேள்வியை நெட் விற்கிற எந்தக் கடையிலும் யாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

கொண்டுபோன நெட்டும் காலைவாரிவிட்டது. அண்டாவில் போட்டுக் கொதிக்கவைத்துக் கம்பால் தூக்கினால், குளித்துவிட்டு வந்தது போல அதே வெளிறலோடு சொட்டிக்கொண்டு வந்தது. "இது பாலிஸ்டர்மா. நம்ம சாயம் இதுல ஏறாது. நைலான் நெட்டு கொண்டா. பட்டுக்கு ஏத்தற சாயம் அதுல ஏறும்" என்றார் அண்ணன். சென்னையிலிருந்து நைலான் நெட் வரவழைத்தோம். சாம்பிள் தன் ஸ்கூட்டியில் தானே வந்தது.

எஸ்தர் கையை நீட்டினாள். முனுசாமி அண்ணன் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இது வண்டி ஓட்டுற கையிம்மா. வெயில் குடிச்சிருக்குது. முதுகுக்குத்தானே துணி? முதுகு வேற கலரா இருக்கும்."

அவர் முதுகைப் பார்க்க முடியாது. முதுகைப் பார்க்காமல் கலக்கவும் முடியாது. கடைசியில் பரிமளாதான் வழி கண்டுபிடித்தாள். பட்டறையின் பின்பக்கம் மூங்கில் கழிகளில் சாயமிட்ட நூல் கற்றைகள் அடர்த்தியாகத் தொங்கின. அரக்கும் மாம்பழ மஞ்சளும் வாடாமல்லியும் சேர்ந்து ஒரு ஈரச் சுவர். அதற்குப் பின்னால் எஸ்தர் முதுகைத் திறந்துகொண்டு நின்றாள். அண்ணன் முன்னாலிருந்து நெட் துண்டுகளைச் சாயத்தில் நனைத்து அனுப்ப, நான் கொண்டுபோய்க் கொடுக்க, பரிமளா அதை முதுகில் வைத்துப் பார்த்துச் சுவருக்கு மேலே கத்துவாள்.

"செவப்பு ஜாஸ்திண்ணே!"

"இரு, கொறைக்கறேன்."

"இப்ப சாம்ப பூத்துக்கினு இருக்குது! செத்தவங்க மாதிரி!"

"மஞ்ச பத்தல. இரு."

"டீச்சர் சிரிக்காதீங்க, முதுகு ஆடுது!"

நூல் கற்றைகள் காற்றில் லேசாக அசைந்தன. அவற்றின் இடைவெளியில் அவள் முதுகு தெரிந்தும் மறைந்தும், ஒரு நிமிடம் அரக்கு வெளிச்சத்திலும் மறு நிமிடம் மஞ்சளிலும் நின்றது. எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. அடுத்த அண்டாவில் வெள்ளைப் புடவைக்கு நூல் வெந்துகொண்டிருந்தது.

"அந்த வெள்ளை எதுக்குண்ணே அண்டாவுல? சாயம் போடாததுதானே?" என்று சுவருக்குப் பின்னாலிருந்து எஸ்தரின் குரல் கேட்டது.

"சாயம் போடாததா? நல்லா கேட்ட போ!" அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது. "பட்டு பொறக்கறப்பவே மஞ்சளாத்தாம்மா பொறக்குது. சோப்பு போட்டு வேவெச்சி, மருந்து போட்டு அந்த மஞ்சள வெளிய தள்ளணும். கடைசியில துளி நீலம் காட்டணும். அப்பதான் கண்ணுக்கு வெள்ள. அரக்குக்கு ஒரு வேல, வெள்ளைக்கு ரெண்டு வேல. கட்டிக்கிறவங்க இன்னா நெனைக்கிறாங்க? ஒன்னுமே பண்ணாம அப்டியே எடுத்து நெய்ஞ்சிட்டான்னு."

சுவருக்குப் பின்னாலிருந்து பெரிய சிரிப்பு வந்தது. "அண்ணே, இதத்தான் நான் ஒரு செமஸ்டர் பூரா சொல்லிக்கினு இருக்கேன்!"

"அப்ப அடுத்த செமஸ்டருக்கு என்ன கூப்புடு. அண்டாவோட வரேன்."

கடைசித் துண்டை அனுப்பும்போது அவர் அதைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு யாரிடமும் சொல்லாதது போலச் சொன்னார்: "அரக்கு நிக்குது. உள்ள மஞ்ச இருக்குது. அடியில ஒரு பச்ச ஓடுது, அது இல்லன்னா இந்தக் கலரே இல்ல. லேசுப்பட்ட கலர் இல்லம்மா இது."

திரும்பி நடந்து வரும்போது எஸ்தர் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டே வந்தாள். கோயில் மதிலின் நிழல் தெருவில் பாதிவரை விழுந்திருந்தது.

"அக்கா, என் கலரப் பத்தி எத்தனையோ பேர் பேசியிருக்காங்க" என்றாள். "அதுக்குள்ள என்னென்ன கலர் இருக்குதுன்னு இன்னைக்குத்தான் ஒருத்தர் சொல்லிக் கேக்கறேன்."

மீன் காணாமல் போனது

ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். முழு நெட்டும் காய்ந்த பிறகு எஸ்தர் மறுபடியும் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் நின்றாள். பரிமளா நெட்டை விரித்து அவள் முதுகில் வைத்தாள்.

"வை பரிமளா."

"வெச்சிட்டேன்."

"எங்க?"

"இன்னா எங்க? இங்கதான் இருக்குது."

எஸ்தர் கண்ணாடித் தெருவைப் பார்த்தாள். வெறும் முதுகுகள் வரிசையாக நின்றன, தெருக்கோடி வரைக்கும். நம்பாமல் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினாள். விரலில் நெட் தட்டியது. தட்டிய இடத்திலேயே விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போனை எடுத்தாள்.

"ரம்யா, ஷேடு ஏத்த வேணாம். என் கலர்லயே போடுங்க."

"மேம், ஃபோட்டோல டல்லா வரும் மேம். எல்லாரும் கேப்பாங்க. அப்பறம் நெட்டு தனியா தெரியும்."

"நெட்ட மாத்தியாச்சு. இனிமே நீங்கதான் அதுக்கு மேட்ச் பண்ணணும்."

போனை வைத்துவிட்டு, "தப்பு பண்றனாக்கா?" என்று கேட்டாள். அவள் வேண்டியது யாரும் பேசாத ஒரு நாள். அந்த நாளுக்குத் தெரிந்த வழியை மூடிவிட்டுத் தெரியாத வழியைத் திறந்திருந்தாள்.

பரிமளா நெட்டை ஃப்ரேமில் கட்டினாள். வெள்ளி நூலும் வெள்ளை மணியும். லில்லிக் கொடி ஒன்று கழுத்திலிருந்து இறங்கும். வெளிறிய நெட்டில் வைத்துப் பார்த்தபோது சோர்ந்து கிடந்த அதே வெள்ளி, இந்தக் கரிய நெட்டில் விழுந்ததும் கண்விழித்துக்கொண்டது. முதல் இலை முடிந்தபோது பரிமளா ஊசியை நிறுத்தினாள்.

"அக்கா, என் கை எங்க?"

எட்டிப் பார்த்தேன். அடியில் இருந்த அவளது இடது கை தெரியவில்லை. குளம் இருந்தது, மீன் இல்லை.

"கண்ணால பாத்துக்கினே கோத்துப் பழகிட்டேன். இப்ப தடவித் தடவித்தான் கோக்கணும் போல" என்று முணுமுணுத்தாள். ஆனால் அன்று முழுவதும் அவள் நடுநடுவே ஊசியை நிறுத்திவிட்டு, அடியிலிருந்த கையை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொட்டுப் பாருங்க

கல்யாணத்துக்குப் போகும் தையற்காரிக்குக் கடைசி பெஞ்சுதான் வசதி. பையில் ஊசி, வெள்ளை நூல், பின் இருக்கும். கடைசி நிமிடத்தில் ஏதாவது பிரியும், யாராவது தேடுவார்கள்.

நானும் பரிமளாவும் சர்ச் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். காரிலிருந்து எஸ்தர் இறங்கினாள். வெள்ளைப் பட்டு, தலையில் மெல்லிய முக்காடு. ரம்யா சொன்னபடி செய்திருந்தாள். முகமும் கழுத்தும் எஸ்தராகவே இருந்தன. காற்றில் முக்காடு ஒதுங்கியபோது, அவள் முதுகில் வெள்ளிக்கொடி மட்டும் இறங்கிவந்தது. வெயில் அதன்மேல் விழுந்து இலை இலையாக எரிந்தது.

மாப்பிள்ளையின் அத்தை வேகமாக வந்தார். எஸ்தர் சொன்ன அதே அத்தை. நெற்றியில் வேர்வை, கையில் பூக்கூடை.

"இன்னாம்மா இது!" என்றார். "சர்ச்சுக்குள்ள இப்டியா முதுக தெறந்து போட்டுக்கினு வருவ? பாஸ்டர் ஐயர் பாத்தா இன்னா சொல்வாரு? யாராவது ஒரு ஷால் குடுங்கம்மா, மொதல்ல மூடுங்க!"

உள்ளே கீபோர்டு ஆரம்பித்துவிட்டது. யாரோ ஒரு சிவப்பு ஷாலை நீட்டினார்கள். எஸ்தரின் முகத்தைப் பார்த்தேன். அவள் பயந்த நாள் வந்துவிட்டது என்று நினைத்தேன். அத்தனை பேர் கண்ணும் அவள் மேல்தான்.

பரிமளா என் காதில், "அந்தப் பழைய நெட்டு போட்டிருந்தா மூடிக்கினு இருக்கான்னு தூரத்துலயே தெரிஞ்சிருக்கும்க்கா" என்றாள். சரியாக மறைந்ததே வினையாகிவிட்டது.

எஸ்தர் ஷாலை வாங்கவில்லை. அத்தைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"தொட்டுப் பாருங்க அத்த."

அத்தை தயங்கினார். வாசலில் டேப் பிடிக்காமல் ப்ளவுஸ் வாங்கிய அந்தப் பழைய தையற்காரர் எங்கிருந்தோ என் ஞாபகத்துக்கு வந்தார். அத்தை பூக்கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, ஒரு விரலை நீட்டி எஸ்தரின் தோள்பட்டைக்குக் கீழே வைத்தார். விரல் நின்றது. இன்னொரு விரலை வைத்தார். பிறகு உள்ளங்கை முழுவதையும் வைத்து மெதுவாக மேலிருந்து கீழே தடவினார்.

"அட!" என்றார். "துணி இருக்குதுடீ!"

உடனே திரும்பி, "ஏ மேரி, இங்க வா. இங்க வந்து தொட்டுப் பாரு. இருக்குது, ஆனா தெரியல!" என்று கூப்பிட்டார். மேரி வந்தார். மேரியின் பெண்கள் வந்தார்கள். முறை வைத்தது போல ஒவ்வொருவராகத் தொட்டார்கள். எஸ்தர் கூசிச் சிரித்துக்கொண்டே நின்றாள். கீபோர்டு வாசித்தவர் மணப்பெண் வருவாள் வருவாள் என்று அதே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாட்டுப் பந்தியில் பேச்சு முழுவதும் முதுகைப் பற்றித்தான். துணி இருந்தது என்று ஒரு கட்சி. இல்லவே இல்லை, சும்மா சொல்கிறார்கள் என்று ஒரு கட்சி. தொட்டவர்கள் தொடாதவர்களிடம் சத்தியம் செய்தார்கள். நான் பிரியாணியில் கை வைத்தபடி ஒவ்வொரு பந்தியாகக் காது கொடுத்தேன்.

மேடையில் வாழ்த்தச் சென்றபோது எஸ்தர் குனிந்து என் காதில் சொன்னாள். "அக்கா, என் கலரப் பத்தி ஒருத்தர்கூட பேசல. அத்தகூட பேசல. மறந்தே போயிட்டாங்க."

பிறகு ஆல்பம் வந்தது. முகங்களை எல்லாம் ஸ்டுடியோவில் வழக்கம்போல வெளுத்திருந்தார்கள். எஸ்தர் ஒவ்வொரு பக்கத்திலும் யாரோ போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு படம் தப்பித்திருந்தது. சர்ச்சுக்குள் நடந்துபோகும்போது பின்னாலிருந்து எடுத்தது. அதில் முகம் இல்லை. அதனால் அதை வெளுக்க யாருக்கும் தோன்றவில்லை. அவள் அதைத்தான் பெரிதாக்கி வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் கேட்டால், "நான்தான்" என்கிறாளாம்.

இப்போது என் கடை அலமாரியில் முனுசாமி அண்ணன் சாயமிட்ட நெட் பல நிறங்களில் இருக்கிறது. பழைய வெளிறிய நெட்டும் இருக்கிறது. பரிமளா அதற்கு பிஸ்கட் கலர் என்று பெயர் வைத்துவிட்டாள். அதுவும் ஒரு நிறம், அதற்கும் கேட்டு வருகிறவர்கள் உண்டு. நான் என் கையில் எதையும் விரித்துக் காட்டுவதில்லை. தொழிலுக்குப் புதிதாக வரும் பெண்ணே, இந்த ஒன்றை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள். ஒரு துணி மறைந்துவிட்டது என்று உனக்குத் தோன்றினால், யார் கையில் மறைந்தது என்று பார். பிறகு அதை எடுத்துக்கொண்டு போய், போட்டுக்கொள்ளப் போகிறவளின் முதுகில் வை. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் அவளே பார்த்துச் சொல்லட்டும்.